கடல் எந்தப் பக்கம்?

வற்றாப்பளைப் பிள்ளை ஐந்தாம் தரத்தைத் தாண்டும்வரை அதன் நேரசூசியில் புவியியல் என்றொரு பாடம் இல்லை. இருப்பது சுற்றாடல். 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தத்தோடு அதன் முழுப்பெயர் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ ஆயிற்று. அதற்கு முந்திய தலைமுறை சுற்றாடற் கல்வி என்று படித்தது. அதற்கும் முந்தியவர்கள், அரிவரியில் சேர்ந்து சிலேற்றில் எழுதியவர்கள், படித்தது பூமிசாஸ்திரம். அந்தப் பெயருக்கு வயது அதிகம்; இரேனியஸ் பாதிரியார் பூமிசாஸ்திரம் என்ற தலைப்பிலேயே 1832இல் சென்னையில் ஒரு தமிழ் நூலை வெளியிட்டிருக்கிறார். பெயர் எதுவானாலும் பாடத்தின் ஒழுங்கு ஒன்றுதான்: முதலில் வீடு, பிறகு பள்ளிக்கூடம், கிராமம், மாவட்டம், நாடு, கடைசியில் உலகம். தெரிந்ததில் தொடங்கித் தெரியாததற்குப் போவது என்று ஆசிரிய கலாசாலையில் சொல்லிக்கொடுப்பார்கள். வற்றாப்பளையில் அந்த முறை நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதற்குத் தெரிந்த இடம் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். சில காலம் அது இருக்கவில்லை.

பழைய பள்ளிக்கூடங்களில் தெரியாத இடமெல்லாம் ஒரு சுருளுக்குள் அடங்கியிருந்தது. துணியில் ஒட்டிய கடதாசி, மேலும் கீழும் உருட்டிய தடி, மேலே வார்னிஷ் பூச்சு: அதுதான் தேசப்படம். அதிபரின் அலுமாரியைத் திறந்து அதை எடுத்து விரித்தால் வார்னிஷ், பூச்சியுருண்டை, கறையான் மண் மூன்றும் கலந்த ஒரு மணம் வகுப்பை நிறைக்கும். இன்றைக்கு அறுபது எழுபதைத் தொட்டவர்களுக்கு, எங்காவது பழைய கதவொன்றில் அந்த வார்னிஷ் மணம் அடித்தால் போதும், பிரம்பு நுனி யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே இறங்கி வருவது கண்ணுக்குத் தெரியும். கறையானுக்கு வன்னியில் குறைவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துத் தேசப்படத்தில் அநுராதபுரத்துக்குக் கிட்ட உள்ளங்கை அளவு ஓட்டை விழுந்திருந்தது. வித்தியாதரிசி பார்வையிட வந்த நாளில், “இது என்ன?” என்று அவர் அந்த ஓட்டையைக் காட்டிக் கேட்க, முன்வாங்கில் இருந்த பிள்ளை யோசிக்காமல், “குளம் ஐயா” என்றது. அந்தப் பக்கத்தில் எங்கே கைவைத்தாலும் குளம்தான் என்பதால், அவர் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டு போனதாக ஊரில் நெடுநாள் ஒரு கதை இருந்தது.

தேசப்படத்துக்கு முன் திசை. அதற்கு வற்றாப்பளையைப் போல வாய்ப்பான ஊர் கிடைப்பது கஷ்டம். முல்லைத்தீவு மாவட்டத்தின் கரைதுறைப்பற்றில், நந்திக்கடலின் கரையோடு ஊர். கிழக்கே களப்பு, அதற்கு அப்பால் மணற்பரப்பு, அதற்கும் அப்பால் பெருங்கடல். பிள்ளைகளைக் காலையில் முற்றத்தில் நிறுத்தி, சூரியனைப் பார்த்துக் கையை விரிக்கச் சொன்னால் முன்னால் கிழக்கு, முதுகுப் பக்கம் மேற்கு, வலக்கை தெற்கு, இடக்கை வடக்கு. எல்லா ஊரிலும் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். இங்கே ஒரு வசதி, மப்பு மூடிய நாளிலும் பிள்ளைக்குக் கிழக்குத் தெரியும். நீர் இருக்கும் பக்கம் கிழக்கு. வலக்கைப் பக்கம் முள்ளியவளை, தண்ணீரூற்று. இடக்கைப் பக்கம் கேப்பாப்புலவு, அதைக் கடந்தால் புதுக்குடியிருப்பு. சூரியனைப் பார்த்துத் திசை படித்த பிள்ளைகளுக்கு உண்மையில் மனத்தில் பதிந்தது கடல்தான் என்பது பல வருடங்களுக்குப் பிறகே வெளியில் தெரிய வந்தது.

காற்றும் அப்படியே, பள்ளிக்கூடம் வருமுன்பே தெரிந்த விஷயம். சோளகம் எழும்பினால் புழுதி, வாடை தொடங்கினால் போர்வை, கொண்டல் என்றால் மழைக்குணம். புத்தகம் இதையே தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி, வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி என்று வேறு பெயரில் கொண்டுவரும். இரண்டையும் இணைத்துவிடுவதுதான் ஆசிரியரின் வேலை. அதற்குக் கெட்டிக்கார ஆசிரியர்கள் கொக்கிளாயையும் நாயாற்றையும் துணைக்கு எடுத்தார்கள். வருடத்தின் நடுப்பகுதியில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் வள்ளங்களோடு அங்கே வந்து வாடி போடுவார்கள். மழைக்காலம் நெருங்கத் திரும்பிப் போவார்கள். “ஏன் அந்த மாதத்தில வருகினம்? ஏன் மாரியில வருகினமில்லை?” என்று கேட்டால், கடற்றொழிலாளரின் பிள்ளை ஒன்று எப்படியும் சொல்லிவிடும்: “அப்ப அவையின்ர கடல் அடிக்கும் சேர், எங்கட கடல் சும்மா கிடக்கும்.” தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையைக் குழப்பும்போது கிழக்குக் கரை அடங்கிக் கிடப்பதைப் புத்தகம் அரைப் பக்கத்தில் விளக்கும். பிள்ளை ஒரு வரியில் முடித்துவிட்டது. அந்த வருகையைச் சுற்றிய வழக்கும் வாய்த்தர்க்கமும் நீண்ட கதை. அதை ஆரம்ப வகுப்புக்குள் யாரும் கொண்டுவரவில்லை.

வைகாசி விசாகப் பொங்கல் வந்தால் பாடத்துக்குத் தேவையானதெல்லாம் தெருவில் வந்து நிற்கும். கண்ணகி அம்மன் கோவிலில் விளக்கு எரிவது கடல்நீரில். அந்த நீர் சிலாவத்தைக் கடற்கரையில் எடுக்கப்பட்டு, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலில் வைக்கப்பட்டு, அங்கிருந்து வற்றாப்பளைக்கு வருகிறது. தீர்த்தம் வரும் வழியை வரைந்துகொண்டு வரச் சொன்னால் பிள்ளைகள் கேட்காமலே வரைவார்கள். கடற்கரை, சந்தி, பந்தல், தண்ணீர்ப்பந்தல், கோவில். அளவு பிழைக்கும், தூரத்து ஊர் சிறிதாகவும் கச்சான் கடை பெரிதாகவும் வரும். ஒழுங்கு பிழைக்காது. வழிப்படம் என்பது ஒழுங்குதான், அளவு பிறகு வரும் என்று தெரிந்த ஆசிரியர் அந்தப் பெரிய கச்சான் கடைக்கும் புள்ளி போட்டார்.

பொங்கலுக்கு இன்னொரு கூட்டமும் வரும்: கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள். செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, பொங்கலைப் பார்த்துவிட்டு, கிழக்குக் கரையைப் பிடித்துத் திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை என்று காடு கடந்து போவார்கள். மடத்துத் திண்ணையில் கால் நீட்டியிருந்த ஓர் அம்மாவிடம், “அம்மாச்சி, எத்தினை ஆறு கடப்பியள்?” என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவர் விரல் மடித்து எண்ணத் தொடங்கி, நடுவில் மகாவலி வந்ததும் நிறுத்தி, அது எங்கே கடலில் விழுகிறது, அங்கே எப்படிக் கடந்தார்கள் என்ற கதைக்குள் போய்விட்டார். எண்ணிக்கை முடியவில்லை. மகாவலி மலையில் பிறந்து கொட்டியாரக் குடாவில் விழுகிறது என்பதைப் பிறகு புத்தகத்தில் படித்தபோது அந்தப் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே கேட்ட சேதி. போர்க்காலத்தில் அந்த நடை நின்றுபோனது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் கிழக்குக் கரையைப் புத்தகத்தில் மட்டும் படித்தார்கள்.

சிக்கல் மலையில் வந்தது. எந்த ஆரம்ப வகுப்பிலும் ‘இயற்கைக் காட்சி வரைக’ என்றால் வரும் படம் ஒன்றே: இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அடியிலிருந்து வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை. வற்றாப்பளைப் பிள்ளையும் அதையே வரைந்தது. அது அதுவரை மலையே கண்டதில்லை. அது நாள்தோறும் பார்க்கும் சூரியன் களப்பு நீரிலிருந்து எழுகிறது. வன்னி சமதரை, ஏறி இறங்க இருப்பது குளக்கட்டும் கோவில் வீதியும்தான். ஆனாலும் படம் என்றால் மலை. இதில் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் ஈரவலயத்துக் கண்ணோடு எழுதப்பட்டன. சித்திரத்தில் ஓடை, கதையில் தேயிலைத் தோட்டம், கணக்கில் புகையிரதம். உலர்வலயத்தின் பரப்பு நாட்டில் பெரும்பகுதி என்பதை அந்தப் புத்தகங்களைப் பார்த்து ஊகிக்க இயலாது.

அதனால் மலையைப் பள்ளிக்கூட முற்றத்தில் கட்ட வேண்டியிருந்தது. பல பள்ளிக்கூடங்களில் மண்ணால் செய்த இலங்கைப் படம் இருந்தது. வற்றாப்பளைப் பக்கத்தில் அது செய்யப்பட்ட விதம் இது. முதலில் நிலத்தில் கயிறு வைத்து மாங்காய் வடிவத்தில் கோடு. உள்ளே குளத்துக் களிமண். மலைக்குப் புற்றுமண், ஏனென்றால் காய்ந்தாலும் வெடிக்காது. நடுவிலும் தெற்கிலும் ஒரு முழம் உயர்த்தி, அங்கிருந்து சுற்றிவர விரலால் வழித்து ஆறுகளுக்குப் பள்ளம். பிறகு ஒரு பேணியில் தண்ணீர் எடுத்து உச்சியில் மெதுவாக ஊற்றுவார்கள். நீர் எல்லாப் பக்கமும் இறங்கும். ஒன்று மட்டும் நேரே போகாமல் வளைந்து வளைந்து வடகிழக்காக வந்து விழும். அந்தப் பள்ளத்தைத்தான் மாணவர்கள் கவனமாக வெட்டியிருப்பார்கள். நீர் வடக்கே வன்னிப் பக்கம் வராமல் மண்ணில் ஊறி நின்றுவிடும். “எங்களுக்குத் தண்ணி வரேல்லை ரீச்சர்” என்று ஒரு பிள்ளை முறையிட்டது. அந்த முறைப்பாட்டிலிருந்தே அடுத்த பாடம் தொடங்கியது.

பேராற்றைப் பற்றிய பாடம் அது. இலங்கையில் 103 ஆறுகள் கணக்கிடப்பட்டிருக்கின்றன. அவற்றில் உலர்வலயத்து ஆறுகளில் மிகப் பலவும் மாரியில் ஓடிக் கோடையில் மணலாய்க் கிடப்பவை. நந்திக்கடலில் விழும் பேராறும் அந்த இனம். கோடையில் நீர் இல்லாத ஒன்றை ஆறு என்று எழுதலாமா என்பது பிள்ளைகளின் நியாயமான கேள்வி. எழுதலாம் என்று சொன்னால் மட்டும் போதாது. மழை ஐப்பசி முதல் தை வரை கொட்டிவிட்டுப் போய்விடுகிறது, அதை மறித்துச் சிறுபோகத்துக்கு வைத்திருக்கவே முத்தையன்கட்டும் தண்ணிமுறிப்பும் கணுக்கேணியும் என்று குளக்கட்டில் நிறுத்திச் சொன்னால் விளங்கும். துருசு திறக்கும் நாளில் வாய்க்காலோடு நடந்து போன வகுப்பு, ஆறு, கிளையாறு, வடிநிலம் எல்லாவற்றையும் ஒரு காலைக்குள் படித்தது. வருடத்துக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறுவது உலர்வலயம் என்ற வரைவிலக்கணம் மேல்வகுப்பில் வரும். அந்த எண் மறந்தவர்களுக்கும் துருசு நினைவிருக்கிறது.

தேயிலைக்கும் ஒருவர் கிடைத்தார். 1958, 1977 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் வகுப்பில் இருந்தார்கள். அப்படியொரு பிள்ளையின் பாட்டியை ஆசிரியை ஒருநாள் வகுப்புக்கு அழைத்தார். தேயிலைச் செடி இல்லை. வேலியோரத்து நாயுண்ணிப் பற்றையின் முன் நின்று, முதுகில் உரச்சாக்கைக் கட்டிக்கொண்டு, “ரெண்டு எல, ஒரு மொட்டு. அதுக்கு மேல கிள்ளினா கங்காணி ஏசுவாரு” என்று சொல்லி, கட்டைவிரலும் சுட்டுவிரலும் படும் இடத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் காட்டினார். நகத்தால் கிள்ளக் கூடாது, மடித்து ஒடிக்க வேண்டும். கையில் சேர்த்துப் பிடித்துப் பின்னால் கூடைக்குள் எறியும் வேகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வாய் பிளந்து நின்றார்கள். குளிர் எப்படி என்று கேட்டதற்கு, வாயால் புகை விட்டுக் காட்ட முயன்று, வன்னி வெயிலில் அது வராமல் அவரே சிரித்துவிட்டார். பேதுருதாலகால 2,524 மீற்றர் என்று பலகையில் எழுதியதும் அன்றுதான்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. பூமிசாஸ்திரத்தைப் பாராமல் ஒப்புவித்த தலைமுறைக்கு இலங்கை 270 மைல் நீளம், 140 மைல் அகலம், 25,332 சதுர மைல் பரப்பு. மெற்றிக் அளவு வந்தபின் படித்த பிள்ளைக்கு அது 432 கிலோமீற்றர், 224 கிலோமீற்றர், 65,610 சதுர கிலோமீற்றர். இரவில் குப்பி விளக்கின் முன் பிள்ளை சத்தமாகப் படிக்க, திண்ணையில் படுத்திருந்த அப்பு, “பிழை, இருநூற்றெழுபது” என்று திருத்த, இரண்டு பேரும் சரியாக இருந்துகொண்டே சண்டை பிடித்தார்கள். மாவட்டக் கணக்கும் இப்படியே. 1970களில் படித்தவருக்கு மாவட்டம் 22. 1978 செப்டெம்பரில் முல்லைத்தீவும் கம்பகாவும் தனி மாவட்டங்களாக, 24. 1984இல் கிளிநொச்சி சேர, 25. 1978வரை வவுனியா மாவட்டத்தோடு இருந்த ஊர் இது. பழைய பிறப்புப் பத்திரங்களில் மாவட்டம் வவுனியா என்றே இருக்கும். “நான் வவுனியாவில பிறந்தனான்” என்று பத்திரத்தைக் காட்டிய ஒருவரிடம், “இல்லை அப்பு, இஞ்சதான் பிறந்தனீங்கள்” என்று பேரப்பிள்ளை விளக்க வேண்டியிருந்தது.

மாகாணம் இன்னும் சங்கடம். புத்தகத்தில் ஒன்பது. ஆனால் 1988 முதல் வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக நிர்வகிக்கப்பட்டன. பள்ளிக்கூடத்துக்கு வரும் கடிதத் தலைப்பில் ‘வடக்கு கிழக்கு மாகாணம்’ என்றிருக்கும். அப்படியென்றால் எட்டா, ஒன்பதா? 2006இல் உயர் நீதிமன்றம் அந்த இணைப்பு செல்லாது என்று தீர்ப்பளிக்கும்வரை இந்தக் கேள்விக்கு ஆசிரியர்கள் சொன்ன பதில், “சோதினைக்கு ஒன்பது எண்டு எழுது.”

1990களில் பொருளாதாரத் தடையோடு எழுதுவதற்கே தாள் இல்லாமல் போயிற்று. புத்தகம் பாதை திறந்தால் வரும், திறக்காவிட்டால் அடுத்த தவணை வரும். அற்லஸ் வகுப்புக்கு ஒன்று, சில இடங்களில் பள்ளிக்கூடத்துக்கே ஒன்று. படத்தைப் பிரதி எடுக்க நெய்யரித் தாள் கிடையாது. கொப்பித் தாளில் தேங்காய் எண்ணெய் தடவி வெயிலில் உலர்த்தினால் அது ஊடு தெரியும் தாளாகிவிடும். அதை அற்லஸின் மேல் வைத்துப் பென்சிலால் கோடு இழுப்பார்கள். எண்ணெய் அதிகமானால் பென்சில் பிடிக்காது, குறைந்தால் கீழே உள்ள கோடு தெரியாது. அந்தப் பதத்தைக் கண்டவர்கள் வகுப்பில் மதிப்புப் பெற்றார்கள். பல அற்லஸ்களில் இலங்கைப் பக்கம் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு பழுத்துக் கிடந்தது அதனால்தான். மற்றப் பக்கங்கள் புதிதாகவே இருந்தன. தாளும் இல்லாத நாளில் முற்றத்து மணல். கிளுவந்தடியால் வரைந்து, ஆசிரியர் பார்த்ததும் காலால் அழித்து, மறுபடி வரைய வேண்டியதுதான்.

1995இன் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து பெருந்தொகையான குடும்பங்கள் வன்னிக்கு வந்தன. கிடுகுக் கொட்டில்கள் நீண்டன, மரத்தடிகள் வகுப்பாயின. தொண்டர் ஆசிரியர்கள் பலர் இல்லாவிட்டால் அந்தக் காலத்து வகுப்புகள் நடந்திரா. பத்து வருடம் கழித்துப் போர் மீண்டும் மூண்டபோது, மன்னார் பக்கத்துக் குடும்பங்கள் ஊர் ஊராகக் கிழக்கே நகர்ந்து வந்தன. 2008இல் அப்படி நிரம்பிய ஒரு கொட்டிலில் திசைப் பாடம் நடந்தது. மதிய நேரம், சூரியன் உச்சியில். கிழக்கைக் காட்டச் சொன்னபோது முல்லைத்தீவுப் பிள்ளை ஒன்று சட்டென்று, “கடல் இருக்கிற பக்கம் சேர்” என்றது. மன்னார்ப் பிள்ளை எழுந்து, “கடல் மேற்கிலயல்லோ சேர். பொழுது கடலுக்குள்ளதான் விழும்” என்றது. வடமராட்சியிலிருந்து வந்து வன்னியிலேயே தங்கிவிட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டில் கேட்ட கதைகளில் கடல் வடக்கில் இருந்தது. மூன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆசிரியர் நிலத்தில் இலங்கையை வரைந்து, மூன்று பேரையும் அவரவர் ஊரில் போய் நிற்கச் சொன்னார். மன்னார்ப் பிள்ளை இடப்பக்கக் கோட்டில், முல்லைத்தீவுப் பிள்ளை வலப்பக்கக் கோட்டில், வடமராட்சி நுனியில். ஒவ்வொருவரும் தங்கள் கடலைப் பார்த்து நின்றபோது மூன்று முகமும் மூன்று திக்கில் இருந்தன. தீவு என்றால் நான்கு பக்கமும் நீரால் சூழப்பட்ட நிலப்பரப்பு என்ற வசனத்தை அதற்கு முன் எத்தனையோ முறை ஒப்புவித்த பிள்ளைகள் அவர்கள்.

அடுத்த வருடத்தின் தொடக்க மாதங்களில் பாடம் என்று ஒன்றும் நடக்கவில்லை. போர் 2009 மே மாதம் நந்திக்கடலின் மறுகரையில் முடிந்தது. பிள்ளைகள் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமில் தறப்பாள் கூடாரங்களில் மறுபடி வகுப்புக்கு இருத்தப்பட்டபோது, எந்தப் பக்கமும் கடல் இல்லாத இடத்தில் முதன்முதலாகச் சூரியனை மட்டும் வைத்துத் திசை படித்தார்கள்.

அதற்கு நான்கு வருடம் முந்திய ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 வரை ஆரம்பப் பாடத்தில் சுனாமி கிடையாது. அன்று முல்லைத்தீவுக் கரையில் ஊர்கள் அள்ளுண்டு போயின. விடுமுறை முடிந்து தவணை தொடங்கியபோது வகுப்புகளில் வெற்று வாங்குகள் இருந்தன. நிலநடுக்கம் எங்கே நடந்தது, சுமாத்திரா எவ்வளவு தூரம் என்று உலகப் படத்தில் காட்டுவதுதான் அப்போது ஆசிரியர்களால் முடிந்தது. கடல் பின்வாங்கினால் ஓட வேண்டும் என்பது பிற்பாடு வந்த புத்தகங்களில் படத்தோடு இருக்கிறது.

மீள்குடியேற்றத்துக்குப் பின் ‘எமது கிராமம்’ என்ற அலகு புதிதாகத் தொடங்கியது. புத்தகம் களப்பயணம் போகச் சொன்னது. போக முடியாது, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள் நின்றன. மிதிவெடி அபாயக் கல்வி நடத்த வந்தவர்கள் பாதையை விட்டு இறங்க வேண்டாம் என்று படம் காட்டிப் போயிருந்தார்கள். எனவே வகுப்புக்குள் இருந்தே ஊர்ப்படம் வரைந்தார்கள். குறியீடுகளைப் பிள்ளைகளே தீர்மானிக்கலாம் என்று ஆசிரியை விட்டார். கோவிலுக்குக் கோபுரம், கிணற்றுக்கு வட்டம், தறப்பாள் வீட்டுக்கு முக்கோணம், தகரக் கொட்டிலுக்குச் சதுரம், கல்வீட்டுக்குச் சதுரத்தின் மேல் கூரை. சிவப்புப் பலகைக்குச் சிவப்புப் புள்ளி. பக்கத்துக் கேப்பாப்புலவிலிருந்து வந்த பிள்ளை ஒன்று, இராணுவ முகாமுக்குள் அகப்பட்ட அம்மம்மாவின் வீட்டைப் போடலாமா என்று கேட்டது. வீடு இப்போது இருக்கிறதா என்று பிள்ளைக்கும் தெரியாது, ஆசிரியைக்கும் தெரியாது. “புள்ளிக்கோட்டில போடு” என்றார். அதைக் கேட்ட மற்றப் பிள்ளைகளும் தங்கள் படங்களில் புள்ளிக்கோட்டு வீடுகளைச் சேர்த்தார்கள். குறியீட்டு விளக்கத்தில் அதற்கு நேரே ‘முந்தி இருந்தது’ என்று எழுதினார்கள். கேப்பாப்புலவு மக்கள் காணி கேட்டுத் தெருவோரம் இருந்து போராடிய 2017இல் அந்தப் பிள்ளைகள் மேல்வகுப்புக்குப் போய்விட்டிருந்தார்கள்.

இப்போது தேசப்படத்துக்கு அலுமாரி தேவையில்லை. ஆசிரியையின் கைத்தொலைபேசியில் செய்மதிப் படம் வருகிறது. பிள்ளைகள் முதலில் தேடுவது தங்கள் வீட்டுக் கூரையை, பிறகு கோவிலை, பிறகு மாமா இருக்கும் கனடாவை. இடையில் உள்ள எதையும் விரல் தட்டித் தாண்டிவிடுகிறார்கள். இது கருவியின் குறை, பிள்ளையின் குறையல்ல. ஆனால் அதிலும் நல்ல பாடம் உண்டு. நந்திக்கடலின் வாய் வட்டுவாகலில் மணல் மூடிக் கிடக்கும். மாரியில் நீர் ஏறி வயல் மூழ்கத் தொடங்கினால் அதை வெட்டிக் கடலுக்கு விடுவார்கள். வெட்டிய மறுநாள் ஒரு வகுப்பு செய்மதிப் படத்தைப் பார்த்தபோது அதில் வாய் மூடியே இருந்தது. “ரீச்சர், போன் பிழை” என்றார்கள். படம் எடுத்த திகதியைத் தேடிக் கண்டுபிடிக்கவே அந்தப் பாடவேளை முடிந்தது. எந்தப் படத்துக்கும் ஒரு திகதி உண்டு என்பதை இந்த ஊரில் இதைவிடச் சுருக்கமாகக் கற்பிக்க முடியாது.

இப்படியான வகுப்புக்கு நேரம் குறைந்துகொண்டே வருகிறது. நான்காம் தரத்திலேயே புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் விழுந்துவிடுகிறது. மாதிரி வினாத்தாள் கட்டுகளில் சுற்றாடல் என்பது நான்கு விடைகளில் ஒன்றின் கீழ்க் கோடிடுவது. மிக நீளமான ஆறு மகாவலி, 335 கிலோமீற்றர். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கோடிடுகிறார்கள். பேராறு எந்தக் களப்பில் விழுகிறது என்று அந்தத் தாள்கள் கேட்பதில்லை. கேட்காததைப் படிப்பிக்க ரியூசன் வகுப்புக்கு நேரமும் இல்லை, பெற்றோருக்குப் பொறுமையும் இல்லை. பாடத்திட்டத்தில் இடம் இருக்கிறது. செயற்பாட்டு நூலில் ‘உமது பிரதேசத்தில் உள்ள நீர்நிலைகளை அவதானிக்க’ என்ற வகையில் வரிகள் இருக்கின்றன. அவதானிக்க அழைத்துப் போகிற ஆசிரியர் இருக்கும் வருடத்தில் மட்டும் அந்த வரிக்கு உயிர் வருகிறது.

ஆறாம் தரத்தில் புவியியல் தன் பெயரோடு, தனிப் புத்தகமாகக் கைக்கு வருகிறது. அகலக்கோடு, நெடுங்கோடு, அளவுத்திட்டம் எல்லாம் அங்கே. ஊர் வடக்கு 9 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் இருப்பதை அந்தப் புத்தகத்தோடுதான் பிள்ளை கண்டுபிடிக்கிறது. அதற்கு வேறு பாடவேளை, வேறு ஆசிரியர். முள்ளியவளைக்கோ முல்லைத்தீவுக்கோ பெரிய பள்ளிக்கூடம் தேடிப் போகும் பிள்ளைகள் காலையில் சைக்கிளில் தெற்கே திரும்புகிறார்கள், அல்லது கிழக்கே.